எந்த மீனை வளர்த்தெடுப்பது?
(தேர்வு இனப்பெருக்கமும் மீன் வளர்ப்போர் விருப்பமும்)

விலங்கியல் துறை

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பது நம் முன்னோர் வாக்கு. மரபியல் பாடத்தின் முதல் பக்கத்தை அவர்கள் இந்த ஒரு வரியில் அடக்கிவிட்டார்கள். நல்ல தாய் விதையைத் தேர்ந்து விதைத்தே நெல்லும் கரும்பும் நமக்கு இன்றைய விளைச்சலைத் தருகின்றன. மாட்டிலும் கோழியிலும் இதே வழியைக் கையாண்டு மனிதன் பெற்ற பயனை நாம் அறிவோம். ஆனால் மீனினத்தில் இம்முயற்சி மிகப் பிந்தியே தொடங்கியது. தொடங்கிய பிறகும் ஒரு கேள்வி நம்முன் நிற்கிறது. எந்தப் பண்பு உயர்ந்த மீனை நாம் உருவாக்க வேண்டும்? அதனை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இக்கேள்வியைச் சற்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தப்பா கேட்ட கேள்வி

சென்ற கோடை விடுமுறையில் என் சித்தப்பாவின் ஊருக்குச் சென்றிருந்தேன். அவர் ஊர்ப் பொதுக்குளத்தை ஏலத்தில் எடுத்துக் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை ஆகியவற்றை வளர்த்து வருகிறார். வகுப்பில் படித்த 'ஜெயந்தி ரோகு'வைப் பற்றி நான் அவரிடம் ஆர்வத்தோடு எடுத்துரைத்தேன். தலைமுறைக்குத் தலைமுறை அதன் வளர்ச்சி கூடி வருகிறது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இவ்வாறு சொன்னார்:

"எல்லாம் சரி தம்பி. வேகமா வளர்ற மீன் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனா போன வருஷம் விட்ட குஞ்சுல பாதி எங்கே போச்சுன்னே தெரியல. மிச்சமிருந்த சாதாக் கெண்டை முக்காக் கிலோ ஆகறதுக்குள்ளே வயிறு நிறையச் சினையோட நிக்குது. சாகாம இருக்கணும், சீக்கிரம் சினை பிடிக்காம இருக்கணும். எனக்கு அதுதான் பெரிசு. அதுக்கு உங்க புத்தகத்துல வழி சொல்லியிருக்கா?"

என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. கல்லூரிக்குத் திரும்பியபின் நூலகத்தில் தேடியும் ஆசிரியர்களைக் கேட்டும் அறிந்தவற்றையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

மீனில் தேர்வு இனப்பெருக்கம்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டை மீன்கள் ஓடும் ஆற்றில் வெள்ளக் காலத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் அவை இயல்பாக இனம் பெருக்குவதில்லை. ஆகவே ஒரு காலத்தில் மீன் வளர்ப்போர் ஆற்றில் அரித்தெடுத்த குஞ்சுகளையே நம்பியிருந்தனர். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் டாக்டர் ஹிராலால் சௌத்ரியும் டாக்டர் கே.எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசிவழி செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தனர். அந்நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

குஞ்சுப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் அதனோடு வேறொரு குறையும் வந்து சேர்ந்தது. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஆகவே ஒரு குஞ்சு பொரிப்பகத்துக்குச் சில தாய் மீன்களே போதும். அவற்றின் குஞ்சுகளையே வளர்த்து மறுபடியும் தாய் மீன்களாக்கும்போது உறவுக்குள் உறவு கலக்கிறது. பெரிய மீன்களை எல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, எஞ்சியவற்றைச் சினைக்கு நிறுத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. இதனால் மெல்ல வளரும் மீன்களே அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகின்றன. இதுவும் ஒரு தேர்வுதான், தலைகீழான தேர்வு!

இதற்கு நேர்மாறாக, பல குடும்பங்களைத் தனித்தனியே வளர்த்து, அளந்து, குறித்து, சிறந்தவற்றைப் பெற்றோராக நிறுத்துவதே தேர்வு இனப்பெருக்கம் ஆகும். நார்வே நாட்டினர் 1970-களின் தொடக்கத்தில் பல ஆறுகளிலிருந்து சால்மன் மீன்களைத் திரட்டி இதனை முறையாகத் தொடங்கினர். 1988-இல் பிலிப்பைன்ஸில் திலேப்பியா மீனில் இப்பணி தொடங்கிற்று. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளின் இயற்கை நீர்நிலைகளிலிருந்து கொணர்ந்த மீன்களும், ஆசியப் பண்ணைகளில் இருந்தவையும் அதற்கு அடிப்படையாயின. 'கிஃப்ட்' திலேப்பியா அவ்வாறு பிறந்ததே.

நம் நாட்டில் 1992-இல் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு நிறுவனம், நார்வே நாட்டு ஆய்வு நிறுவனம் ஒன்றின் துணையோடு ரோகு மீனில் இப்பணியைத் தொடங்கியது. கங்கை, யமுனை, பிரமபுத்திரா, சட்லஜ், கோமதி ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகு மீன்களோடு நிறுவனத்தின் சொந்தப் பண்ணை மீன்களும் சேர்க்கப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பொன்விழா ஆண்டான 1997-இல் அது 'ஜெயந்தி' என்னும் பெயரோடு வெளிவந்தது. தலைமுறைக்குச் சராசரி 17 விழுக்காடு வளர்ச்சி கூடியதாகக் கணக்கிட்டுள்ளனர். பின்னர் ஏரோமோனஸ் என்னும் பாக்டீரிய நோயைத் தாங்கும் ஆற்றலும் தேர்வில் சேர்க்கப்பட்டது. வளர்ச்சி ஒன்றே போதாது என்பதை அறிவியலாரும் உணர்ந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

எல்லாவற்றையும் ஏன் கேட்க முடியாது?

"வேகமாக வளர வேண்டும், நோய் வரக் கூடாது, தீவனம் குறைவாகத் தின்ன வேண்டும், சினை பிந்த வேண்டும், நிறமும் சுவையும் நன்றாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே மீனில் இருந்தால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் மரபியல் குறுக்கே நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஆயிரம் மீன்களில் எடையில் சிறந்த ஐம்பதைப் பொறுக்குவது எளிது. எடையிலும் சிறந்து, நோய் தாங்குவதிலும் சிறந்த ஐம்பது வேண்டும் என்றால், எடையில் சற்றுப் பின்தங்கியவற்றையும் ஏற்றுக்கொள்ள நேரும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பண்புகளுக்குச் சம மதிப்புக் கொடுத்துத் தேர்ந்தால், ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம், பண்புகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கமூலத்தால் வகுபட்டுவிடும். இரண்டு பண்புகள் என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 71 விழுக்காடுதான் மிஞ்சும். நான்கு என்றால் பாதி. ஒன்பது என்றால் மூன்றில் ஒரு பங்கு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழி இங்கே கணிதமாகவே நிற்கிறது.

இரண்டாவது, எல்லாப் பண்பும் ஒரே அளவில் பிள்ளைக்கு இறங்குவதில்லை. உடல் எடையில் காணும் வேற்றுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை மரபால் வருவது என்பது பல மீனினங்களில் கண்ட உண்மை. பிழைத்திருக்கும் ஆற்றலிலோ பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. மீதி, தண்ணீரும் தீவனமும் பராமரிப்பும் செய்யும் வேலை.

மூன்றாவது, எல்லாப் பண்பையும் அளந்துவிட முடியாது. மாடு எவ்வளவு தின்றது என்பதைத் தொட்டியைப் பார்த்துச் சொல்லலாம். ஒரே குளத்தில் ஆயிரம் மீன்கள் சேர்ந்து தின்னும்போது எந்த மீன் எவ்வளவு தின்றது என்று எப்படிச் சொல்வது? நோய் தாங்கும் ஆற்றலை அறிய நோய்க்கிருமியோடு மீனைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிச் சோதித்த மீனைத் தாய் மீனாக நிறுத்துதல் ஆகாது. எனவே அதன் உடன்பிறப்புகளைத் தனியே வைத்து, சோதனை முடிவைக் கொண்டு அவற்றைத் தேர்கின்றனர். இதற்குப் பொருளும் இடமும் வேண்டும்.

நான்காவது, காலம். ரோகு சினைப் பருவம் எய்த இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். ஐந்து தலைமுறை என்பது பத்து, பதினைந்து ஆண்டு உழைப்பு. தவறான பண்பைத் தேர்ந்துவிட்டோம் என்பதை அதன் முடிவில் உணர்ந்தால், போன காலம் திரும்ப வாராது. ஆகவேதான் தொடக்கத்திலேயே "எது முதலில்?" என்பதை முடிவு செய்தாக வேண்டியுள்ளது.

கேட்டதால் விளைந்த நன்மை

சித்தப்பா குறைப்பட்டுக்கொண்ட அதே சாதாக் கெண்டையைப் பற்றிய வரலாறு ஒன்று அண்டை மாநிலமான கர்நாடகத்தில் உண்டு. இம்மீன் நம் நாட்டுக்கு உரியதன்று. 1939-இல் ஜெர்மன் வகை இலங்கையிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அது குளிர்ந்த மலைப் பகுதிக்கே ஏற்றது. சமவெளிக்கு ஏற்ற பாங்காக் வகை 1957-இல் வந்தது. குளத்திலேயே தானாக இனம் பெருக்கும் இயல்பு இதற்கு உண்டாதலால் எங்கும் விரைந்து பரவியது.

அந்த நன்மையே பிறகு தொல்லையாயிற்று. நம் வெப்ப நாட்டில் இம்மீன் ஓராண்டு நிறையுமுன்பே பருவமடைந்து விடுகிறது. தின்ற தீவனம் சதையாக மாறாமல் சினையாக மாறுகிறது. குளத்தில் முட்டையிட்டால் வேண்டாத குஞ்சுகள் பெருகி, எல்லா மீனும் சிறுத்துப் போகின்றன. வெட்டும்போது வயிற்றுப் பகுதி வீணாகிறது என்று வாங்குவோரும் முகம் சுளிக்கின்றனர்.

பெங்களூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஹெசரகட்டா மீன் ஆய்வு நிலையத்தார், பிரிட்டனிலுள்ள ஸ்டர்லிங், ஸ்வான்சீ பல்கலைக்கழகங்களோடு இணைந்து 1990-களில் இம்மீனை மேம்படுத்த முற்பட்டனர். மீன் வளர்ப்போரிடமும் குஞ்சு உற்பத்தியாளரிடமும் குறைகளைக் கேட்டறிந்ததும் அப்பணியின் ஒரு பகுதியாக அமைந்தது. மெல்லிய வளர்ச்சி, முந்திய பருவமடைதல் ஆகிய இரண்டும் முதன்மைக் குறைகளாகத் தெரியவந்தன. பின்னர் ஹங்கேரி உள்ளிட்ட வெளிநாடுகளிலிருந்து சில வகைகளைக் கொணர்ந்து உள்ளூர் வகையோடு சேர்த்து வளர்த்து ஒப்பிட்டுப் பார்த்தனர். அவற்றுள் ஹங்கேரியிலிருந்து வந்த 'அமூர்' வகை விரைந்து வளர்வதோடு பிந்திப் பருவமடைவதாகவும் காணப்பட்டது. இன்று அமூர் கெண்டை பல மாநிலங்களில் பரவியுள்ளது. எடையை மட்டும் கருதியிருந்தால் இரண்டாவது குறை கணக்கிலேயே வராமற்போயிருக்கக்கூடும்.

விருப்பத்தை அளப்பது எப்படி?

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம் வேண்டும்" என்பதே விடையாக வரும். ஆகவே விருப்பத்தை எடை போட்டு அறியும் முறைகள் வேண்டும். அவற்றுள் மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது, வரிசைப்படுத்தல். பண்புகளைப் படமாகவோ சீட்டாகவோ கொடுத்து, முதன்மையானது முதலாக அடுக்கச் சொல்வது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதனை எளிதில் செய்வர். ஆனால் முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைவெளி எவ்வளவு என்பது இதில் தெரியாது.

இரண்டாவது, இரண்டிரண்டாக ஒப்பிடல். தாமஸ் சாட்டி என்னும் கணித அறிஞர் 1970-களில் வகுத்த முறை இது. வளர்ச்சியா, பிழைப்பா? எது முக்கியம்? எத்தனை மடங்கு முக்கியம்? என்று இணை இணையாகக் கேட்பர். ஆறு பண்புகள் என்றால் 15 இணைகள் வரும். கற்பனையாக ஒன்று கூறுவேன். ஒருவர், பிழைப்பு வளர்ச்சியைப்போல் இரு மடங்கு முக்கியம் என்கிறார். வளர்ச்சி, பிந்திய பருவத்தைப்போல் இரு மடங்கு முக்கியம் என்கிறார். அப்படியானால் பிழைப்புக்கும் பிந்திய பருவத்துக்கும் நான்கு மடங்கு வேற்றுமை இருத்தல் வேண்டும். மூன்றையும் 4 : 2 : 1 என்று கொண்டால், நூற்றுக்கு 57, 29, 14 என்னும் மதிப்புகள் கிடைக்கும். மூன்றாவது கேள்விக்கு அவர் "இரண்டும் சமம்" என்று சொல்லிவிட்டால், விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதும் உடனே புலப்படும். மீண்டும் பொறுமையாகக் கேட்கலாம். வானவில் டிரௌட் மீன் வளர்க்கும் பல நாட்டுப் பண்ணையாளர்களிடம் இம்முறையைக் கையாண்ட ஆய்வொன்று 2012-இல் வெளியாயிற்று. கென்யாவில் திலேப்பியா வளர்க்கும் சிறு பண்ணையாளர்களிடமும் இவ்வாறு கேட்டுள்ளனர்.

மூன்றாவது, தெரிவுச் சோதனை. "ஒரு கிலோ மீனாகும், நூற்றுக்கு அறுபது பிழைக்கும், குஞ்சு விலை இவ்வளவு" என்று ஒரு சீட்டு. "முக்கால் கிலோதான் ஆகும், எண்பது பிழைக்கும், விலை அவ்வளவு" என்று மற்றொரு சீட்டு. எதை வாங்குவீர்கள் என்று கேட்பது. கடையில் நிற்கும்போது மனம் எப்படிக் கணக்குப் போடுமோ அப்படியே இங்கும் போடும். ஒன்றைப் பெற மற்றொன்றில் எவ்வளவு விட்டுக்கொடுப்பார் என்பது இதனால் விளங்கும்.

யாரைக் கேட்பது?

ஒருவர் விருப்பம் மற்றொருவர் விருப்பமாகாது. ஒரு சிறு கணக்கு: 1,000 குஞ்சு விட்டு 800 பிழைத்து ஒவ்வொன்றும் ஒரு கிலோ ஆனால் 800 கிலோ. வளர்ச்சி பத்து விழுக்காடு கூடினால் 880 கிலோ. வளர்ச்சி அப்படியே இருந்து 880 மீன்கள் பிழைத்தாலும் அதே 880 கிலோதான். காகிதத்தில் இரண்டும் ஒன்று. ஆனால் பெரிய மீனுக்குக் கிலோவுக்கு விலை கூடுதலாகக் கொடுக்கும் சந்தை அருகிலிருப்பவருக்கு முதலாவது உகந்தது. குஞ்சைக் கடனுக்கு வாங்கி விட்டவருக்கு இரண்டாவதே உயிர்நிலை. மழை நம்பிய குளத்தில் ஆறேழு மாதமே தண்ணீர் நிற்குமானால், இரண்டாம் ஆண்டில் வேகமாக வளரும் மீனால் அவருக்கு என்ன பயன்?

வாங்கி உண்போர் விருப்பமும் வளர்ப்போர் விருப்பத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஆந்திரத்தின் கொல்லேறு பகுதியில் பெரும்பண்ணைகள் தோன்றியபோது, கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து வளர்க்கும் பழைய பாடம் மாறியது. பெரும்பங்கு ரோகுவும் சிறுபங்கு கட்லாவுமாக வளர்க்கலாயினர். மிர்கால் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டது. ரோகுவை விரும்பி உண்ணும் கல்கத்தா முதலிய கிழக்குச் சந்தைகளே இதற்குப் பெருங்காரணம். கேள்வித்தாள் இல்லாமலே விருப்பம் தன்னை வெளிப்படுத்திக்கொண்ட இடம் இது.

இன்னொரு குரலும் உண்டு. குளத்தை ஏலம் எடுப்பவர் ஆணாக இருக்கலாம். ஆனால் மீனை அறுத்துக் கழுவிச் சமைப்பவரும், பல ஊர்களில் கூடையில் சுமந்து விற்பவரும் பெண்களே. அவர்கள் முள்ளையும் செதிளையும் சுவையையும் அறிந்தவர்கள். இந்தியாவிலும் வங்கதேசத்திலும் ரோகு வளர்க்கும் குடும்பங்களில் ஆண், பெண் இருபாலரின் விருப்பத்தையும் தனித்தனியே கேட்டறிந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வீட்டுக்கு ஒருவரைக் கேட்டுவிட்டு வீடே சொன்னதாக எழுதுவது பிழை என்பதை இப்போது ஆய்வாளர்கள் உணரத் தொடங்கியுள்ளனர்.

கேட்டது மட்டும் போதுமா?

போதாது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணால் காணாத பண்பை யாரும் கேட்கமாட்டார். உறவுக்குள் இனம் பெருக்கினால் வரும் கேடு மெல்லவே தெரியும். "மரபு வேற்றுமையைக் காப்பாற்றுங்கள்" என்று எந்தப் பண்ணையாளரும் விருப்பப் பட்டியலில் எழுதப்போவதில்லை. அதனைப் பேச வேண்டியவர் மரபியலார். சென்ற ஆண்டு நோய் வந்தவர் நோயையே முதலில் சொல்வார்; வராதவர் அதை மறந்தேவிடுவார். குஞ்சு செத்ததற்குக் காரணம் மரபா, பயணத்தில் பிராணவாயு குறைந்ததா, விரலளவு ஆகுமுன் விட்டதா என்பதையும் பிரித்தறிய வேண்டும். பராமரிப்பால் தீரும் குறைக்கு மரபை மாற்றப் பதினைந்து ஆண்டு காத்திருத்தல் வீண்.

ஆகவே மூன்று தராசுகள் ஒன்றுகூட வேண்டும். வளர்ப்போர் எதை எவ்வளவு விரும்புகின்றனர் என்பது ஒன்று. அப்பண்பு எவ்வளவு மரபுவழி இறங்கும், எப்படி அளக்கலாம் என்பது மற்றொன்று. அதனால் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது மூன்றாவது. இவற்றை ஒரே எண்ணாகச் சேர்த்து ஒவ்வொரு மீனுக்கும் மதிப்பெண் இடும் முறையை லேனாய் ஹேசல் என்னும் அறிஞர் 1943-லேயே வகுத்துத் தந்துள்ளார். மதிப்பெண் போடும் முறை நம்மிடம் உண்டு. எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைத்தான் குளத்தங்கரையில் கேட்டு வர வேண்டும்.

முடிவுரை

சித்தப்பாவின் கேள்விக்கு இப்போது ஓரளவு விடை சொல்ல முடிகிறது. சினை முந்துவது பெரும்பாலும் வகையைப் பொறுத்தது. அமூர் கெண்டைக் குஞ்சை நம்பத்தக்க இடத்தில் வாங்கி விட்டுப் பாருங்கள் என்று எழுதினேன். குஞ்சு சாவதில் மரபின் பங்கு சிறிது. ஆகவே சற்றுப் பெரிய, விரலளவுக் குஞ்சுகளாக வாங்கி, குளிர்ந்த வேளையில் கொண்டுவந்து, குளத்து நீரோடு பழக்கிவிடுங்கள் என்றும் எழுதினேன். "உன் கடிதம் கிடைத்தது. நல்லது. ஆனால் நான் சொன்னதை உங்கள் பெரியவர்களிடம் யாராவது சொன்னீர்களா?" என்று பதில் வந்தது.

அந்தக் கேள்வி எனக்கு மட்டும் உரியதன்று. நம் கல்லூரியில் பயில்வோருள் பலர் ஏரியும் குளமும் உள்ள ஊர்களிலிருந்தே வருகிறோம். விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்வோம். குளம் வைத்திருப்பவரிடமும், வலை இழுப்பவரிடமும், கூடை சுமக்கும் அம்மாளிடமும் எந்த மீன் வேண்டும், ஏன் வேண்டும் என்று கேட்டு எழுதி வருவோம். அவர்கள் சொல்லும் சொல் ஆய்வுக்கூடத்தை எட்டுமானால், பதினைந்து ஆண்டு உழைப்பில் உருவாகும் மீன் அவர்கள் குளத்துக்கு ஏற்ற மீனாகவே வந்து சேரும்.